கதை எழுதுகிறேன் என்று யாரிடம் முதலில் சொல்வது?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நீளமான கடிதம். சுருக்கி, அவர் வார்த்தைகளிலேயே தருகிறேன்.

"எனக்கு 41 வயது. ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். 6 வருடமாகப் புனைபெயரில் சிறுகதை எழுதுகிறேன். சிற்றிதழ்களிலும் இணைய இதழ்களிலும் சில கதைகள் வந்திருக்கின்றன. கணவருக்குத் தெரியும், ஆனால் படித்ததில்லை. போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில் என் பள்ளித் தோழி எல்லார் முன்னாலும், 'இவ கதையெல்லாம் எழுதறா, தெரியுமா?' என்று போட்டு உடைத்துவிட்டாள். என் சின்ன மாமியார், 'அப்படியா கண்ணு? எழுத்தாளரா நீ?' என்றார். 'அய்யோ, அதெல்லாம் இல்லீங்க அத்தை, சும்மா பொழுதுபோக்குக்கு' என்று சொல்லிவிட்டுப் பந்தி கவனிக்கப் போய்விட்டேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ஒரு புத்தகம்கூடப் போடாதவள் தன்னை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளலாமா? சொன்னால் சொந்தக்காரர்கள் தேடிப் படித்து, இது யாரு அது யாரு என்று கேட்பார்களே? மாமியார் நகை பிரித்துக் கொடுக்கிற கதை ஒன்று எழுதியிருக்கிறேன். திருச்செங்கோட்டில் ஒரு எழுத்தாளருக்கு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அடுத்த மாதம் கோபியில் ஒரு காதுகுத்து. அதே ஆட்கள்தான் வருவார்கள். என்ன சொல்லட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். பதிப்பகத்தில் கைப்பிரதி படிப்பதே வேலையாக இருப்பவனுக்கு அதைவிட வேறொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. எதற்காகச் சொல்லப்போகிறீர்கள்? மரியாதைக்காக என்றால் அவசரமே இல்லை, இன்னும் 10 வருடம் கழித்துக்கூடச் சொல்லிக்கொள்ளலாம். எழுத நேரம் கிடைப்பதற்காக என்றால் 6 வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

'சும்மா பொழுதுபோக்குக்கு' என்று சொன்னது அடக்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பொழுதுபோக்கை யார் வேண்டுமானாலும் தள்ளிப்போடச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் பாதிக் கதையில் இருக்கும்போது, 'சும்மாதானே இருக்கே, வா, மாவு அரைச்சுட்டு வந்துரலாம்' என்று கூப்பிட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? போய்த்தான் ஆக வேண்டும். சும்மா என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்களே. கடிதத்தில் வேறொரு இடத்தில், எல்லாரும் தூங்கிய பிறகு சமையல்கட்டில் செல்போனில் தட்டச்சு செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் கடைக்கும் போக வேண்டும். இப்படியே எத்தனை வருடம் ஓட்ட முடியும் என்று நினைக்கிறீர்கள்?

அதனால் காதுகுத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் நேரம் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் அது கணவர். 'அவருக்குத் தெரியும்' என்கிறீர்கள். தெரிந்திருப்பது வேறு, நீங்கள் உட்கார்ந்து சொல்வது வேறு. சொல்லும்போது கிழமையும் மணியும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஏங்க, புதன்கிழமையும் ஞாயித்துக்கெழமையும் காலைல அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் நான் எழுத உக்காரப் போறேன். அந்த ரெண்டு நாள் காலைல பசங்களை நீங்க பாத்துக்கணும்." இவ்வளவு போதும். கலை, கனவு, என் அடையாளம் என்றெல்லாம் ஆரம்பித்தால் அவர் மிரண்டுவிடுவார். எழுதுவது எவ்வளவு முக்கியம் என்று விளக்கப் போனாலே, அது முக்கியமா இல்லையா என்ற விவாதம் வந்துவிடும். கிழமையும் மணியும் சொன்னால் பேச்சு காலைச் சாப்பாட்டு ஏற்பாட்டோடு நின்றுவிடும். 'அதுக்கென்ன, எழுதிக்கோ' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சோதனை வருவது இரண்டாவது வாரம். ஐந்தரை மணிக்கு, 'காப்பிப் பொடி எங்கே வெச்சே?' என்று குரல் கேட்கும். அப்போது எழுந்து போகாதீர்கள். எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுங்கள்.

சரி, புத்தகம் போடவில்லை என்ற விஷயம். இதை நீங்கள் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டிருப்பது எனக்கு ஆச்சரியம்தான். புத்தகம் ஒரு காலத்தில் ஏதோ ஒரு அளவுகோலாக இருந்திருக்கலாம். பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்த பிறகு 50 பிரதிகூட அடித்துக்கொள்ளலாம். கையில் பணம் இருந்தால் கதை சுமாராக இருந்தாலும் புத்தகம் வந்துவிடும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய வாரங்களில் பதிப்பகங்களில் நடக்கிற ஓட்டத்தைப் பார்த்தால், புத்தகம் என்ற பொருளின் மீது உங்களுக்கு இருக்கும் பயபக்தி பாதி குறைந்துவிடும். இன்னொரு பக்கம் மௌனியைப் பாருங்கள். 1930களின் நடுவில் 'மணிக்கொடி' இதழில் எழுத ஆரம்பித்தவர். முதல் தொகுப்பு 1959இல்தான் வந்தது. அவரைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்ன புதுமைப்பித்தன் 1948லேயே காலமாகிவிட்டார். அதாவது அந்தப் பாராட்டு வந்தபோது மௌனி பெயரில் ஒரு புத்தகம் கிடையாது. வாழ்நாள் முழுக்க எழுதியதும் சுமார் 24 கதைகள்தான். நான் மௌனி இல்லையே என்பீர்கள். நானும் சொல்லவில்லை. புத்தகம் இல்லை என்பது ஒரு காரணமே இல்லை என்றுதான் சொல்கிறேன். உங்கள் கதைகளை முகம் தெரியாத ஓர் ஆசிரியர் படித்து, தேர்ந்தெடுத்து, வெளியிட்டிருக்கிறார். இன்னும் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

'முழு நேரமும் கடை வேலையில் இருந்துகொண்டு' என்று ஒரு இடத்தில் இழுத்திருக்கிறீர்கள். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் நடத்தியது ஜவுளிக்கடை. உங்கள் தொழில்தான். தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார், பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி, இமையம் பள்ளி ஆசிரியர். தமிழில் எழுதிப் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவர்களிலும் பலர் சினிமாவுக்கும் எழுதியவர்கள். இதற்கு மேல் இதைப் பேச ஒன்றுமில்லை.

உங்கள் கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் கொஞ்சம் நல்ல ரசனையும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்கு முன்னால் 'கவிஞர்' இருக்கும். ஃப்ளெக்ஸ் பேனரில் 'இலக்கியச் செம்மல்' கும்பிடு போட்டுக்கொண்டு நிற்பார். என்ன எழுதினார் என்று கேட்டால் பேனர் கட்டியவருக்கே தெரியாது. இதைப் பார்த்துப் பார்த்து, வாயைத் திறந்து எழுத்தாளர் என்று சொன்னால் நாமும் அந்த வரிசையில் போய் நின்றுவிடுவோமோ என்று கூசுகிறது. நியாயமான கூச்சம். அதற்காகச் செய்கிற வேலையையே இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. வேலையைச் சொல்லுங்கள், பட்டத்தை விட்டுவிடுங்கள். 'என்ன பண்றீங்க?' என்று யாராவது கேட்டால், "ஜவுளிக் கடைல கணக்குப் பாக்கறேனுங்க, கதையும் எழுதறேன்." ஒரே மூச்சில், ஒரே குரலில். பலர் முதல் பாதியைச் சத்தமாகச் சொல்லிவிட்டு இரண்டாவது பாதியை விழுங்கிவிடுவார்கள். இன்னும் சிலர் சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அந்தச் சிரிப்புதான் எதிரில் இருப்பவருக்கு 'நீயும் சிரித்துக்கொள்' என்று அனுமதி கொடுக்கிறது.

சொல்வதைவிடக் கஷ்டம், சொன்ன பிறகு வரும் கேள்விகள். இவை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான், முன்கூட்டியே தயாராகிவிடலாம். 'என்ன மாதிரி கதை?' என்பது முதலில் வரும். நல்ல எழுத்தாளர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். 'அது வந்து... வாழ்க்கை... சமூகம்...' என்று இழுப்பார்கள். ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய மூன்று கதைகளையும் படித்தேன், என்னைக் கேட்டால் அந்த வரி இதுதான்: "வேலைக்குப் போற பொம்பளைங்க சம்பாதிக்கிற காசு யார் கைக்குப் போகுதுங்கறதப் பத்தித்தான் நெறைய எழுதறேன்." இதைச் சொன்னால் அந்தப் பந்தியிலேயே நாலு பெண்கள் நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப் போடுவார்கள்.

'சினிமாவுக்கு எழுதலாமே?' என்பார்கள். 'பார்க்கலாமுங்க' என்றால் முடிந்தது. 'என் கதையை எழுதினா பத்து புத்தகம் வரும்' என்று ஒரு பெரியவர் சொல்வார். அவர் பேச ஆரம்பித்தால் உட்கார்ந்து கேளுங்கள். பத்து வராது, ஆனால் ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும்.

'இதுல காசு வருமா?' என்பதற்கு மட்டும் மழுப்பாதீர்கள். கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், கணக்காகவே சொல்லலாம். சிற்றிதழ்களில் பெரும்பாலும் சன்மானம் கிடையாது. வெகுஜனப் பத்திரிகைகள் ஏதோ ஒரு தொகை தரும். புத்தகம் போட்டால் விலையில் 10 சதவீதம் ராயல்டி என்பது வழக்கம். 200 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். 'இதுக்கா கண்ணு தூக்கத்தைக் கெடுத்துக்கறே?' என்று கேட்டால், 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் சாப்பிடுங்கள். உண்மையை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறவரை மேற்கொண்டு குடைய யாருக்கும் தோன்றாது.

இனி நகைக் கதை. உங்கள் கடிதத்தில் உண்மையான பயம் இங்கேதான் இருக்கிறது, மற்றதெல்லாம் சுற்றுப்பாதை. திருச்செங்கோட்டைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 'மாதொருபாகன்' நாவலுக்கு அந்த ஊரில் எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் அதை எழுதிய பெருமாள்முருகன், எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று தன்னைப் பற்றித் தானே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் திரும்ப எழுத வந்தார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்குப் பயம் இருப்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே திரண்டது ஊர். நீங்கள் பயப்படுவது ஒரு மாமியாரின் முகத்துக்கு. இரண்டையும் ஒரே பயமாகப் பார்த்தால் எதற்கும் வழி பிறக்காது.

அந்தக் கதையை இரண்டு தடவை படித்தேன். மாமியார் கெட்டவர் இல்லை, கதையிலேயே அதிகம் தனியாக இருப்பவர் அவர்தான். உங்கள் மாமியார் படித்தால் கோபப்படுவதற்கு முன்னால் வேறு ஏதாவது தோன்றவும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஒரு விவரம் அவரை நேராகக் காட்டிக்கொடுத்துவிடும். பீரோ சாவியைத் தாலிக்கொடியில் கோத்திருப்பதும், நகை எடுக்கக் குனியும்போது கொடியைக் கழுத்திலிருந்து கழற்றாமல் பீரோவோடு ஒட்டி நின்று திறப்பதும். இதைக் கற்பனையில் எழுத முடியாது, யாரையோ பார்த்துத்தான் எழுதியிருப்பீர்கள். ஊரை மாற்றினாலும் மருமகள்கள் எண்ணிக்கையை மாற்றினாலும் இந்த ஒரு வரி போதும், வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். எடுத்துவிடுங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை, கதையிலேயே சிறந்த இடம் அது. அப்படியானால் ஒன்று செய்யுங்கள். வேறு யார் வாயிலிருந்தாவது கேள்விப்படுவதற்கு முன்னால் நீங்களே மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். 'எல்லாம் கற்பனைதானுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள், அது பொய் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துபோகும். "அத்தை, ஒரு கதை எழுதினேன். நீங்க சாவி வெச்சிருக்கற மாதிரியே அதுல ஒருத்தர் வெச்சிருப்பாங்க. மத்தபடி அது நீங்க இல்லீங்க." உண்மையும் இவ்வளவுதான். கோபம் வந்தால் வரட்டும். முதலில் தன்னிடம் சொன்னாள் என்பது பின்னால் நினைவுக்கு வரும்.

மற்ற சொந்தங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். கதையில் தன்னைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தவறான ஆளைத்தான் பிடிப்பார்கள். வில்லனாக எழுதப்பட்டவரே, 'அந்த நல்ல மனுசன் நான்தானே?' என்று எழுத்தாளரிடம் கேட்ட கதைகள் எங்கள் தொழிலில் நிறைய உலவுகின்றன.

அப்புறம், சொல்லியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கவிஞர் சல்மாவை நினைத்துப் பாருங்கள். துவரங்குறிச்சியில் பாதியில் படிப்பு நிறுத்தப்பட்ட பெண். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்குத் தெரியாமல் ராத்திரியில் கழிப்பறையில் நின்று எழுதியவர். அந்தக் கவிதைகள் வேறொரு பெயரில், அம்மாவின் உதவியோடு வெளியே போயின. அவரை யாராவது தைரியம் இல்லாதவர் என்று சொல்ல முடியுமா? சொல்லாமல் இருந்ததால்தான் எழுத முடிந்தது. 2001இல் அவர் பஞ்சாயத்துத் தலைவரானார் என்பதெல்லாம் பிறகு வந்தது. சொன்னால் அடி விழும், நோட்டுப் புத்தகம் அடுப்புக்குப் போகும் என்ற வீடுகள் இன்றும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், இந்தப் பதில் உங்களுக்கு இல்லை. ஒளித்தே எழுதுங்கள், பிரதியை வேறு ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஈரோட்டுச் சகோதரியின் நிலைமை அது இல்லை என்று அவர் கடிதத்திலிருந்தே தெரிகிறது. அவர் வீட்டில் யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

புனைபெயரைக் கைவிட வேண்டுமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். புதுமைப்பித்தன், அசோகமித்திரன், இமையம் எல்லாமே வைத்துக்கொண்ட பெயர்கள்தான். புனைபெயரை வைத்துக்கொண்டே நான்தான் அது என்று சொல்லலாம், இரண்டுக்கும் சண்டை கிடையாது. நடைமுறையில் கவனிக்க வேண்டியது, பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடும்போது சொந்தப் பெயரில் போடுங்கள், புனைபெயரையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு சொந்தப் பெயரில்தானே இருக்கிறது. இன்னொன்று, நம் காப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். யார் என்றே வெளியில் தெரியாத புனைபெயருக்கு அந்த 60 ஆண்டுகள் வெளியான காலத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். உங்கள் பிள்ளைகளுக்காகவாவது எங்காவது ஓரிடத்தில் பெயரைச் சொல்லி வையுங்கள்.

கடையில் சொல்ல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதலாளி நல்லவராகவே இருந்தாலும், மார்ச் மாதக் கணக்கில் ஒரு எண் தவறினால் 'கதை எழுதிட்டிருந்தியாம்மா?' என்று ஒரு வார்த்தை வந்துவிடும். படிவங்களில் தொழில் என்ற இடத்தில் கணக்காளர் என்றே எழுதுங்கள். விசிட்டிங் கார்டு அடிக்காதீர்கள்.

காதுகுத்துக்கு வருவோம். சின்ன மாமியார் திரும்பக் கேட்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. 'எழுத்தாளரா நீ?' என்று அவர் கேட்டதில் கிண்டல் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை, நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். கேட்டால், அன்றைக்கு அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை, 6 வருடமாக எழுதுகிறேன் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். 'எங்கே, ஒண்ணு காட்டு பாக்கலாம்' என்று யாராவது சொன்னால் செல்போனில் ஒரு கதையின் லிங்க் தயாராக இருக்கட்டும். நகைக் கதை வேண்டாம், பஸ் பாஸ் கதையை அனுப்புங்கள். சின்னது, சிரிப்பும் வரும், பாதியில் விடாமல் படிப்பார்கள். அனுப்பிவிட்டு 'படிச்சீங்களா' என்று மட்டும் கேட்கக் கூடாது. இது நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது.

நீங்கள் அனுப்பிய மூன்றில் இரண்டு எனக்குப் பிடித்திருக்கின்றன. மூன்றாவதில் கடைசிப் பத்தி தேவையில்லை, கணவன் பர்ஸை மூடி வைக்கிற இடத்திலேயே கதை முடிந்துவிட்டது. தொகுப்புக்கு இன்னும் ஐந்தாறு கதை சேரட்டும், அவசரப்பட வேண்டாம். அடுத்த தடவை அனுப்பும்போது வாட்ஸப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் யூனிகோடில் வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பக்க எண் போடுங்கள்.